அளவுகோல் யார் கையில்?

2015-16-க்கும் 2019-21-க்கும் இடையே இந்நாட்டில் 13.5 கோடி ஜனங்கள் வறுமையினின்றும் விடுபட்டனர் என்று நிதி ஆயோக் 2023 ஜூலையில் அறிவித்தது. நூற்றுக்கு 24.85 பேராக இருந்த ஏழைகள் 14.96 பேராகக் குறைந்தனராம். மகிழ்ச்சிக்குரிய செய்தியே, அதை மறுப்பது நம் நோக்கமன்று. ஆனால் இக்கணக்கு எவ்வாறு போடப்பட்டது, இதைக் கொண்டு சர்க்கார் என்ன செய்கிறார்கள் என்று கேளாமல் கைதட்டிவிட்டுப் போவது பொதுவாழ்வில் ஈடுபட்டோருக்கு அழகல்ல.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். இக்கணக்கு ரூபாயை எண்ணுவதில்லை; வீட்டுக்குள் நுழைந்து பார்க்கிறது. ஊட்டம், சிறார் மரணம், பிரசவகாலப் பராமரிப்பு, படிப்பு, பள்ளிக்குப் போதல், அடுப்பெரிக்கும் பொருள், கக்கூசு, குடிநீர், விளக்கு, வீடு, தட்டுமுட்டுச் சாமான், பாங்குக் கணக்கு ஆகிய 12 விஷயங்களை விசாரிக்கிறது. இம்முறையை வகுத்தவர்கள் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையார். ஆயினும் இதன் கருத்து நமக்குப் புதிதன்று.

இந்தியாவின் தார்மிக, லௌகிக முன்னேற்றம் என்ற பெயரால் பிரிட்டிஷ் சர்க்கார் ஆண்டுதோறும் பார்லிமெண்டின் முன் ஓர் அறிக்கை வைத்து வந்தார்கள். வர்த்தகமும் வருமானமும் பெருகியதாக அதில் படித்துச் சீமையில் சந்தோஷப்பட்டார்கள். தாதாபாய் நௌரோஜி 1876-இல் பம்பாயில் வாசித்த கட்டுரையில் வேறு கணக்குப் போட்டார். மாகாணந்தோறும் விளைந்ததைக் கூட்டி, தலைக்கு வகுத்தால், ஆண்டொன்றுக்குச் சுமார் 20 ரூபாய்தான் தேறியது. பின்பு சிறைச்சாலைக் கணக்கை எடுத்தார். கைதிக்குச் சர்க்கார் அளந்த சோறும் துணியுங்கூட யோக்கியமாய் உழைக்கும் குடியானவனுக்குக் கிட்டவில்லை என்பது வெளிப்பட்டது. எதிர்க்கட்சியின் தஸ்தாவேஜைக் கொண்டே அதன் வாதத்தை உடைப்பது வக்கீல்களின் வித்தை. அதில் வக்கீல்களையும் மிஞ்சியவர் ஒரு கணித ஆசிரியர் என்பதை ஒப்புக்கொள்வதில் நமக்கு வெட்கமில்லை.

ஆகவே, எத்தனை கோடி செலவாயிற்று என்பதை விட்டு, குடிகளின் வாழ்வு எப்படி மாறிற்று என்று கேட்பது நமது தேசிய இயக்கத்தின் பழைய கேள்வி. இன்று ஆள்பவர்கள் நம்மவர்கள் என்பதால் அக்கேள்வி காலாவதியாகிவிடவில்லை.

2024 ஜனவரியில் நிதி ஆயோக் இன்னொரு கணக்கு வெளியிட்டது. 2013-14 முதல் 2022-23 வரை வறுமையினின்றும் மீண்டவர்கள் 24.82 கோடிப் பேர் என்றது. அவ்விரண்டு ஆண்டுகளிலும் எவரும் வீடு வீடாய்ச் சென்று விசாரித்தாரில்லை. முந்திய கணக்கெடுப்புகளில் கண்ட போக்கை முன்னும் பின்னும் நீட்டிப் பெற்ற ஊகம் அது. முன்னது சாட்சி கண்டு சொன்னது, பின்னது அனுமானம். இரண்டுக்கும் ஒரே மதிப்புக் கொடுக்கும் நியாயஸ்தலம் எங்கே இருக்கிறது? மேடைகளில் முழங்கியதோ பின்னதுதான்.

ஊட்டத்துக்கு இக்கணக்கில் ஆறில் ஒரு பங்கு மதிப்பு. ஒரு வீட்டின் குறைகள் மூன்றில் ஒரு பங்கை எட்டினால்தான் அது ஏழை வீடு. குழந்தை மெலிந்து கிடந்தாலும், மற்றவை சரியாக இருந்தால், அவ்வீடு கணக்கில் வராது. ரத்தசோகையைப் பற்றிக் கேள்வியே கிடையாது. 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ரத்தசோகை உடையோர், இதே காலத்தில், இதே குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நூற்றுக்கு 53-இலிருந்து 57 ஆக உயர்ந்தனர். வறுமை குறைந்த வீட்டிலேயே ரத்தமும் குறைந்தது! இதற்குக் காரணம் காண்பதே திட்டமிடுவோரின் வேலை.

அளவு எவர் கையில் இருக்கிறது என்பது இதனினும் பெரிய விஷயம். நாட்டுப்புறம் முழுவதும் திறந்தவெளிக் கழிப்பிடம் ஒழிந்ததாக 2019 அக்டோபர் 2-ந் தேதி, காந்தியடிகளின் 150-வது ஜயந்தியன்று, பிரகடனம் செய்தார்கள். கட்டிய கக்கூசுகளை எண்ணிச் செய்த பிரகடனம் அது. அவ்வாண்டு தொடங்கிய குடும்ப நலக் கணக்கெடுப்போ, தேசம் முழுவதையும் சேர்த்துப் பார்க்கையில், நூற்றுக்கு 19 வீட்டார் எந்தக் கக்கூசையும் உபயோகிப்பதில்லையெனக் கண்டது. கட்டினவரைக் கேட்டால் ஒரு பதில், வீட்டாரைக் கேட்டால் வேறு பதில்.

பின்தங்கிய 112 ஜில்லாக்களுக்கென 2018-இல் தொடங்கிய திட்டத்திலும் இதே இடர்ப்பாடு உண்டு. நம் பக்கத்தில் ராமநாதபுரமும் விருதுநகரும் அதில் சேர்ந்தவை. 49 குறியீடுகளைக் கொண்டு ஜில்லாக்களை மாதந்தோறும் வரிசைப்படுத்தினார்கள். ஆரோக்கியத்துக்கும் கல்விக்கும் நூற்றுக்கு 60 மதிப்பு வைத்தது பாராட்டத்தக்கதே. ஆனால் மாதாந்தர விவரத்தை அனுப்புவது ஜில்லா நிர்வாகம். மார்க்கு வாங்குவதும் ஜில்லா நிர்வாகம். வெளியாரைக் கொண்டு வீடுகளில் சரிபார்த்ததும் உண்டு என்பதை மறைக்க மாட்டோம். எனினும் தன் வழக்கில் தானே சாட்சியாக நிற்கும் நிலையில் ஒரு கலெக்டரை வைப்பது அவருக்கும் நல்லதல்ல.

ஜில்லாவில் இப்படியென்றால் டில்லியில் எப்படி? 2017-18-இல் எடுத்த குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின் முடிவை, தரம் போதாதென்று காரணம் சொல்லி, 2019 நவம்பரில் வெளியிட மறுத்தார்கள். 2021-இல் எடுத்திருக்க வேண்டிய ஜனத்தொகைக் கணக்கு 2027 மார்ச்சு 1-க்குத் தள்ளிப் போயிற்று.

சர்க்காரின் செலவைத் தணிக்கை செய்யும் அதிகாரிக்கு அரசியல் சட்டத்தின் 148-வது ஷரத்துப் பாதுகாப்பு அளிக்கிறது. அவரை மந்திரிகள் நினைத்தபடி நீக்க முடியாது. ஜனங்களின் வாழ்வைத் தணிக்கை செய்வோருக்கு அத்தகைய காப்பு ஏன் இருக்கலாகாது? ரங்கராஜன் கமிஷன் 2001-இலேயே புள்ளிவிவரத்துக்குச் சட்டபூர்வமான அமைப்பு வேண்டுமென்று சிபார்சு செய்தது. 2006-இல் அமைந்த தேசியப் புள்ளிவிவரக் கமிஷனோ சட்டத்தால் பிறந்ததன்று, சர்க்கார் தீர்மானத்தால் பிறந்தது. வேலைவாய்ப்பு அறிக்கை வெளிவரத் தாமதமான விவகாரத்தில் 2019 ஜனவரியில் அதன் அங்கத்தினர் இருவர் ராஜிநாமா செய்தார்கள். சட்டத்தின் காப்பில்லாதவர்களுக்கு அதைத்தவிர வேறு வழி இருக்கவில்லை.

பார்லிமெண்டிலுள்ள நமது பிரதிநிதிகள், கட்சி வித்தியாசம் பாராட்டாமல், ரங்கராஜன் கமிஷன் சிபார்சு செய்த அமைப்பை ஏற்படுத்த ஒரு மசோதாவைக் கேட்க வேண்டும். வரவு செலவுத் திட்டம் வரும்போது, ஒவ்வொரு பெரிய திட்டத்துக்கும் எதிரே, அதனால் எந்தக் குடும்பக் குறை எவ்வளவு குறைந்தது, அதைக் கண்டு சொன்னவர் யார் என்ற இரண்டு கலங்களையும் அச்சிடுமாறு வற்புறுத்த வேண்டும். சென்னைச் சட்டசபையிலும் இதே கேள்வியை எழுப்பத் தடையேதும் இல்லை.