கணினி இருந்தால் மட்டும் போதுமா?

ஜொகூர் பாருவின் ஜாலான் உங்கு புவானில் ஒரு சாப்பாட்டுக் கடையை நினைத்துப் பாருங்கள். கல்லாவுக்கு அருகில் கியூஆர் அட்டை. கைப்பேசியைக் காட்டினால் பணம் போய்ச் சேர்ந்துவிடும். தெருவில் முதன்முதலாக அந்த அட்டையை வைத்த கடைக்குக் கூடுதலாகச் சிலர் வந்திருக்கலாம். இன்று பக்கத்துக் கடையிலும் எதிர்க் கடையிலும் அதே அட்டை. அட்டைக்காக யாரும் கடை தேடிப் போவதில்லை. தோசை நன்றாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறோம்.

தகவல் தொழில்நுட்பம் வணிகப் போட்டியில் முந்த உதவுமா? உதவும், ஆனால் அது மட்டுமே நீண்ட நாள் காப்பாற்றாது என்பது என் கருத்து. இதற்கு நல்ல சான்று நம் மாநிலத்திலேயே உள்ளது. கேலாங் பாத்தாவை அடுத்த தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகம்தான் அது.

துறைமுகத்தில் கணினிக்கு என்ன வேலை? கொள்கலன்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைப்பார்கள். தேவையான பெட்டி அடியில் மாட்டிக்கொண்டால், மேலே உள்ளவற்றை எல்லாம் இறக்கி வைக்க வேண்டும். அந்த நேரமும் எரிபொருளும் வீண். எந்தப் பெட்டி எந்தக் கப்பலுக்கு, எந்த ஊருக்கு, எவ்வளவு எடை என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு இடம் ஒதுக்குவது கணினியின் வேலை.

இதில் சிங்கப்பூர் முன்னோடி. 1984இல் கப்பல் நிறுவனங்களைத் துறைமுகத்தோடு இணைக்கும் போர்ட்நெட் வந்தது. 1989இல் வந்த டிரேட்நெட், நாள்கணக்கில் இழுத்த வணிக அனுமதிகளைச் சில நிமிடங்களில் முடித்துக் கொடுத்தது. உலகமே வியந்து பார்த்த அமைப்புகள் இவை.

அப்படியிருந்தும் 2000ஆம் ஆண்டில் என்ன நடந்தது? அங்கே மிகப் பெரிய வாடிக்கையாளராக இருந்த மெர்ஸ்க் நிறுவனம், தன் கொள்கலன் மாற்று வேலைகளைத் தஞ்சோங் பெலெப்பாசுக்குக் கொண்டுவந்தது. நம் துறைமுகம் செயல்படத் தொடங்கி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது! 2002இல் தைவானின் எவர்கிரீன் நிறுவனமும் வந்தது. 2000இல் சுமார் 4 லட்சம் கொள்கலன் அலகுகளைக் கையாண்ட தஞ்சோங் பெலெப்பாஸ், மறு ஆண்டே 20 லட்சத்தைத் தாண்டியது.

நம்மிடம் சிங்கப்பூரைவிடச் சிறந்த கணினி இருந்ததாலா வந்தார்கள்? இல்லை. கட்டணம் குறைவு. அதோடு, மெர்ஸ்க்குக்குத் துறைமுகத்தில் 30 விழுக்காட்டுப் பங்கும் கிடைத்தது. அதற்குள் துறைமுக மென்பொருள் கடைச்சரக்காகிவிட்டது. பணம் கொடுத்தால் யாரும் வாங்கலாம். எல்லாரிடமும் உள்ள பொருளால் ஒருவர் மட்டும் முந்த முடியாது. 2003இல் நிக்கலஸ் கார் என்ற அமெரிக்க எழுத்தாளரும் இதையே வாதிட்டார். மின்சாரமும் ரயிலும் பொதுவானதைப் போலவே கணினியும் பொதுவாகிவிட்டது என்றார் அவர்.

அப்படியானால் கணினி தேவையில்லையா? அவசரப்பட வேண்டாம். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற தீநிரல் அதே மெர்ஸ்க் நிறுவனத்தைத் தாக்கியது. 4,000 சர்வர்களிலும் 45,000 கணினிகளிலும் எல்லாவற்றையும் புதிதாக நிறுவ வேண்டியதாயிற்று. இழப்பு 25 முதல் 30 கோடி அமெரிக்க டாலர். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். ஆனால் உப்பு இருக்கிறது என்பதற்காகவே எந்தக் குழம்பும் பரிசு வாங்குவதில்லை. தகவல் தொழில்நுட்பமும் அப்படித்தான்.

சிங்கப்பூர் இதனால் வீழ்ந்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். முனையத்தில் பங்கு கேட்ட வாடிக்கையாளரின் குரலை அது காதில் வாங்கியது. 2003இல் சீனாவின் காஸ்கோ நிறுவனத்தோடு கூட்டாக ஒரு முனையம் தொடங்கியது. உலகின் பல துறைமுகங்களோடு உள்ள கப்பல் தொடர்பும், பல ஆண்டுகள் பழகித் தேர்ந்த ஊழியர்களும் அதற்குக் கைகொடுத்தனர். மென்பொருளை ஒரே நாளில் வாங்கலாம். இவற்றை அப்படி வாங்க முடியாது.

மாணவர்களே, கூலாய், செடெனாக் பக்கம் பெரிய தரவு மையங்கள் எழுவதைப் பார்க்கிறீர்கள். அவை நம் ஊரில் இருப்பதாலேயே நம் கடைகளும் தொழிற்சாலைகளும் முன்னேறிவிடாது. ஒரு செயலியைப் பயன்படுத்தத் தெரிவது இனி தனித்திறமை அல்ல. அது எல்லாருக்கும் தெரியும். கணினி அறிவியலைப் படியுங்கள். கூடவே, உங்கள் குடும்பக் கடையிலோ பக்கத்துப் பட்டறையிலோ எந்த வேலை அடிக்கடி தாமதமாகிறது, ஏன் தாமதமாகிறது என்று கவனியுங்கள். அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர் கையில்தான் கணினி பயன் தரும்.