ஆட்டம் கண்ட ஸ்டியரிங்

காரில் எது கெட்டாலும் ஓட்டுகிறவருக்குத்தான் முதலில் தெரியும் என்பார்கள். ஸ்டியரிங் விஷயத்தில் இது தலைகீழ். பிரேக் தேய்ந்தால் கிரீச்சிடும், பேட்டரி போனால் காலையில் தெருவே பார்க்க மானத்தை வாங்கும். ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் டை ராடு என்ற கம்பியின் முனையில் இருக்கிற குண்டு மூட்டு, அதாவது பால் ஜாயின்ட் மட்டும் மாதக்கணக்கில் மயிரிழை மயிரிழையாகத் தேயும். கையும் அதற்கேற்றபடி பழகிக்கொள்ளும். வண்டி இடதுபுறம் ஒதுங்கினால் நாம் வலதுபுறம் இழுத்துப் பிடிப்போம். பிடிக்கிறோம் என்பதே நமக்குத் தெரியாது. பொங்கலுக்கு வந்த மச்சான் என் மாருதி 800-ஐ எடுத்துக்கொண்டு சங்கராபுரத்திலிருந்து மூங்கில்துறைப்பட்டு வரை போய்வந்தான். சாவியைக் கொடுக்கும்போதே கேட்டான்: "என்ன மாமா, ஸ்டியரிங்கைத் திருப்புனா வண்டி கொஞ்சம் யோசிச்சுட்டுத்தான் திரும்புது?"

அரவைக் காலத்தில் அந்தச் சாலையில் போகிறவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டருக்கு வழிவிட்டு ஓரத்தில் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் அடி வாங்குவது இந்தச் சின்னக் குண்டுதான். ஆனால் பள்ளத்தைவிடப் பெரிய எதிரி, குண்டை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிவது. உள்ளே இருக்கும் கிரீஸ் வெளியே வரும், சேறும் மணலும் உள்ளே போகும். பிறகு குண்டும் குழியும் ஒன்றையொன்று அரைத்துத் தின்ன வேண்டியதுதான்.

சோதிப்பது சுலபம். சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே கை நீட்டவே கூடாது. ஸ்டெப்னியையும் கழற்றி வண்டிக்கடியில் படுக்க வைப்பது நல்ல வழக்கம். கடிகாரத்தில் ஒன்பது, மூன்று இருக்கும் இடங்களில் சக்கரத்தைப் பிடித்து ஆட்டும்போது 'டொக்' என்றால், பெரும்பாலும் டை ராடு முனை அல்லது அதன் உள்பக்க மூட்டான ரேக் எண்ட். பன்னிரண்டு, ஆறில் பிடித்து ஆட்டும்போது ஆடினால் வீல் பேரிங் அல்லது கீழ் பால் ஜாயின்ட். ஒருவர் ஆட்ட, இன்னொருவர் மூட்டின்மேல் விரல் வைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

பாகம் வாங்கும்போது கஞ்சத்தனம் வேண்டாம். 1929-ல் சென்னையில் தொடங்கிய ரானே குழுமம் ஸ்டியரிங் பாகங்களுக்கே பேர் வாங்கியது. அதுபோல நம்பகமான பெயராகப் பார்த்து வாங்குவது நல்லது. பெயரில்லாத பெட்டியில் மிச்சமாகும் காசுக்கு இந்த இடம் தோதானதல்ல.

கழற்றுவதில் பொறுமை போவது நட்டால் அல்ல, அதன் பிறகுதான். முனையின் தண்டு ஆப்பு வடிவில், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளின் துளைக்குள் இறுகியிருக்கும். புதிதாகச் செய்கிறவர் மரைமேலேயே சுத்தியலால் அடிப்பார். மரை மழுங்குமே தவிர தண்டு அசையாது. துளை இருக்கும் இரும்புக் காதின் பக்கவாட்டில் ஓங்கி இரண்டு அடி போட்டால், அந்த அதிர்ச்சியில் தானாகத் துள்ளி விழும். கடைகளில் இதற்கென்று புல்லர் கிடைக்கும். அக்கம்பக்கத்தார் தூக்கத்துக்கு அதுவே உத்தமம்.

அதற்கு முன்பே செய்துவைக்க வேண்டிய ஒரு வேலை உண்டு. குண்டின் நடுவிலிருந்து லாக் நட் வரை டேப்பில் அளந்து குறித்துக்கொண்டு, பழைய முனையைச் சுற்றுக்கணக்கு எண்ணியபடி கழற்ற வேண்டும். புதியதை அதே கணக்கில் ஏற்றி, அளவையும் சரிபார்க்க வேண்டும். சின்னக் கார்களில் ஒரு சுற்றுக்கு ஒன்றேகால், ஒன்றரை மில்லிமீட்டர்தான் நகரும். ஆனால் சக்கரத்தின் விளிம்புக்குப் போகும்போது அது இரண்டு மடங்குக்கும் மேல் பெருகும். அலைன்மென்ட்டில் பொறுத்துக்கொள்ளும் பிசகே ஓரிரு மில்லிமீட்டர் என்பதால், ஒரு சுற்று தவறினாலும் டயரின் ஓரம் சீக்கிரமே வழுக்கையாகிவிடும்.

ஆப்புத் தண்டில் கிரீஸ் தடவக் கூடாது. சுத்தமாகத் துடைத்துப் போட வேண்டும். நட்டை முடுக்கும்போது தண்டும் கூடவே சுற்றினால், அடியிலிருந்து ஜாக்கியால் லேசாக அழுத்தம் கொடுத்தால் நிற்கும். ஸ்பிலிட் பின் நுழைய ஓட்டை நேர்படவில்லையென்றால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கலாமே ஒழிய, தளர்த்தக் கூடாது. பழைய பின்னை நிமிர்த்தி மறுபடி போடும் பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து வெள்ளிமலைக்கு ஏறுகிற கல்வராயன் மலைப்பாதையில், அந்த நட்டு கழன்று விழாமல் பிடித்துக்கொண்டிருப்பது இந்தக் கம்பித்துண்டு ஒன்றுதான்.

மலையேறும் வாடகை ஜீப்புக்காவது எஃப்.சி. என்ற தகுதிச் சோதனை உண்டு: எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன் பிறகு ஆண்டுதோறும். சொந்தக் காருக்குப் பதிவே பதினைந்து ஆண்டு செல்லும். அதுவரை அதன் ஸ்டியரிங்கை யாரும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. பிரிட்டனில் 1960-லேயே பழைய கார்களுக்குக் கட்டாயச் சோதனை வந்துவிட்டது, ஸ்டியரிங்கும் அதில் சேர்த்தி. நம் ஊரிலும் வரட்டும் என்று எழுதக் கை வருகிறது. அது எந்த அழகில் நடக்கும் என்று நினைத்தால் பின்வாங்குகிறது.

வீட்டு வேலை இத்தோடு சரி. டேப் அளவு கள்ளக்குறிச்சி வரை மெதுவாக ஓட்டிப் போகத்தான். அங்கே வீல் அலைன்மென்ட் போடாவிட்டால் பாதி வேலைதான் முடிந்ததாக அர்த்தம். மூட்டில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்காமலேயே கணினியில் பச்சை எண்கள் வரவழைத்துக் காகிதம் கொடுக்கும் கடைகளும் உண்டு. முதலில் சக்கரத்தை ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். போட்டு முடித்து நேர்ச்சாலைக்கு வந்ததும் ஸ்டியரிங் வளையம் கோணலாக நின்றால், வளையத்தைக் கழற்றி நேராக மாட்டித் தருகிறேன் என்பார்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். இருபுற டை ராடுகளையும் சம அளவில், ஒன்றை நீட்டி மற்றதைக் குறுக்கித்தான் அதை நேராக்க வேண்டும்.