முத்திரையில்லா மின்மாற்றி

ஆளைப் பார்த்து எடை போடாதே என்பார்கள். ஆனால் மின்மாற்றியை நாம் பார்வையால்தான் எடை போடுகிறோம். செங்கல்பட்டில் மின்சார ரயிலேறிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போகும் மாணவர், முத்திரையில்லாத பழைய மின்மாற்றி ஒன்றை வாங்கி வருகிறார். "மூணு ஆம்பியர் தாங்கும் தம்பி" என்ற கடைக்காரர் வாக்கே அதற்குச் சான்றிதழ்! அறிவியல் பயிலும் நமக்கு இது அழகன்று என்பது என் கருத்து.

இரும்புத் தகடுகளின் நடுத்தண்டை அளந்து மதிப்பிடும் வழி ஒன்று உண்டு. தண்டு 2.5 செ.மீ. சதுரமானால் பரப்பு 6.25 ச.செ.மீ. அதன் வர்க்கம் ஏறத்தாழ 39 வோல்ட்-ஆம்பியர். எச்சரிக்கையாக, பரப்பை 1.2ஆல் வகுத்து வர்க்கம் கண்டால் 27. ஆக, 12 வோல்ட் சுருளுக்கு ஒரு கணக்கு 3 ஆம்பியருக்கு மேல் தருகிறது. மற்றொன்று 2¼ என்கிறது. எதை நம்புவது?

வெப்பத்தைத்தான் நம்ப வேண்டும். செம்புக் கம்பி சூடேறினால் அதன் மின்தடை கூடும். 30 பாகை செல்சியஸ் அறையில் முதன்மைச் சுருள் 60 ஓம் காட்டுவதாகக் கொள்வோம். பளு கொடுத்துச் சில மணி நேரம் ஓடவிட்டு, மின் இணைப்பை முற்றிலும் துண்டித்து உடனே அளக்கும்போது 71 ஓம் இருந்தால், சுருள் ஏறத்தாழ 50 பாகை சூடேறியிருக்கிறது. அங்கே நிறுத்திக்கொள்வதே நலம்.

ஏனெனில், பழைய ரகக் காப்புத்தாளின் எல்லை 105 பாகை. கத்திரி வெயிலில் நம்மூர் அறை 40 பாகையைத் தொட்டால், 50ஐக் கூட்ட 90 ஆகும். சுருளின் உள்ளடுக்கோ இன்னும் சூடாயிருக்கும். குளிர்நாட்டுக் கணக்கு இங்கே செல்லாது. மாமல்லபுரம் கரையோரத்தில் உப்புக்காற்றும் ஈரமும் வேறு காப்பைக் கெடுக்கும். எனவே மெக்கர் கொண்டு காப்புத்தடையை முதலில் பார்த்துவிட வேண்டும்.

"பியூஸ் இருக்கிறதே!" என்பார் சிலர். அந்தப் பியூஸின் அளவை எதைக்கொண்டு தேர்ந்தார்கள்? அதே ஊக ஆம்பியரைக்கொண்டுதானே! மெல்ல மெல்லக் கருகும் சுருளைத் தவறான பியூஸ் காக்காது.

ஆகவே, இச்சோதனையை இயற்பியல் செய்முறைப் பயிற்சிகளில் ஒன்றாக்க வேண்டும் என்று ஆசிரியப் பெருமக்களை வேண்டுகிறேன். சோதித்த ஒவ்வொரு மின்மாற்றியிலும் வோல்ட், ஆம்பியர், சோதித்த நாள் ஆகியவற்றை எழுதி ஒட்டுவோம். அடுத்த ஆண்டு அதைக் கையிலெடுக்கும் தம்பி தங்கையர் கடைக்காரர் வாக்கை நம்பியிருக்க வேண்டாம். நம் அளவீட்டை நம்பலாம்.