பிழை அலுவலகத்துடையது, பிரமாணப் பத்திரம் நம்முடையதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

1962 ஆகஸ்ட் 16-இல் பிரான்சுடனான ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததையொட்டிப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் புதுவைப் பிரதேசத்தில் இன்றும் உண்டு. பிள்ளைகள் பாரிஸிலும் பெற்றோர் இங்குமாகக் காலம் கழிக்கும் அவர்களுக்கு, ஓய்வூதியமானாலும் பிள்ளைகள் அனுப்பும் பணமானாலும், இரு நாட்டுக் காகிதங்களிலும் பெயர் ஒன்றுபோல் இல்லாவிட்டால் எத்தனை உபத்திரவம் என்பதைத் தங்கள் வாசகர்களில் பலர் அனுபவித்தே அறிந்திருப்பார்கள். அப்பெயரை அலுவலகத்தாரே பிழையாக எழுதிவிட்டு, திருத்தும் சிரமத்தை மட்டும் முதியோர் தலையில் சுமத்துகிற வழக்கத்தைக் கண்டித்தே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என் தமக்கையார் எண்பதை நெருங்கும் விதவை. இவ்வட்டாரத்து அலுவலகம் ஒன்றில், பழைய பேரேட்டிலிருந்து கணக்கைக் கணினியில் ஏற்றிய சிப்பந்தி அவர் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார். பழைய பாஸ்புக்கில் பெயர் சரியாகவே இருக்கிறது. அதை என் தமக்கையார் கவுண்டர் கண்ணாடிக்கு அடியில் நீட்டிக் காட்டவும் செய்தார். அப்படியிருந்தும், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று முத்திரைத்தாளில் பிரமாணப் பத்திரம் எழுதி, நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி, ஆதார் நகலும் போட்டோவும் சேர்த்துக் கொண்டுவரும்படி உத்தரவாயிற்று. கொண்டுபோன அன்றைக்கு, "சர்வர் இல்லைம்மா, நாளைக்கு வாங்க" என்றார்கள். மறுநாள் சம்பந்தப்பட்டவர் விடுப்பு. கடைசியில் திருத்திய பாஸ்புக் கைக்கு வந்தபோதும் வருத்தம் தெரிவித்து ஒரு வார்த்தை வரவில்லை. "எல்லாருக்கும் நடக்கிறதுதானம்மா" என்பதே கிடைத்த சமாதானம். முத்திரைத்தாளுக்கும் ஆட்டோவுக்கும் செலவான பணத்தை என் தமக்கையார் மறந்துவிட்டார். அந்தச் சமாதானத்தை இன்னும் மறக்கவில்லை.

பாரிஸுக்கு வடக்கே, புதுவைத் தமிழர் பலர் குடியிருக்கும் சார்செல் நகரில் மகள் வீட்டில் நான் சிலகாலம் வசித்திருக்கிறேன். அங்கும் காகிதத்துக்குக் குறைவில்லை, காத்திருப்புக்கும் குறைவில்லை; அந்நாட்டு அலுவலகங்களைத் தேவலோகமாக வர்ணிக்க நான் முற்படவில்லை. ஆயினும், மகள் வீட்டுக் கட்டணத்தைத் தவறாகக் கணக்கிட்ட ஒரு நிறுவனம் அனுப்பிய கடிதத்தில், நேர்ந்த பிழை இன்னது, அது எங்களுடையது, இன்ன தேதிக்குள் பணம் திரும்பும், தங்களுக்கு உண்டான சிரமத்துக்கு மன்னிப்புக் கோருகிறோம் என்று எழுதி, கீழே ஓர் அதிகாரி தம் பெயரைத் தெளிவாகக் குறிப்பிட்டுக் கையொப்பமிட்டிருந்தார். பாஷை அரைகுறையாகவும் பந்துக்கள் தொலைவிலுமாக அந்நிய தேசத்தில் வாழ்கிறவருக்கு, தமக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவர் இருக்கிறார் என்ற நிச்சயத்தை அத்தகைய கடிதம் அளிக்கிறது. ஜப்பானிலோ, 2017 நவம்பரில், சுகுபா எக்ஸ்பிரஸ் ரயில் ஒன்று மினாமி-நாகாரேயாமா நிலையத்திலிருந்து 20 வினாடி முன்னதாகப் புறப்பட்டுவிட்டது என்பதற்காக, பயணிகள் எவரும் புகார் செய்யாதபோதே, அந்நிறுவனம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது.

நம் உத்தியோகஸ்தர்கள் சுபாவத்திலேயே இரக்கமற்றவர்கள் என்று சொல்வது அநியாயம். எழுத்தில் வருத்தம் தெரிவித்தால், அதுவே நாளை நுகர்வோர் ஆணையத்தில் தமக்கு எதிரான சாட்சியமாகும், மேலதிகாரி விளக்கம் கேட்பார் என்ற பயமே அவர்கள் வாயை அடைக்கிறது. இந்தப் பயம் பிற தேசங்களிலும் இருந்ததுதான். அதற்குப் பரிகாரமாகவே கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2006-லும், ஒன்டாரியோ 2009-லும், ஹாங்காங் 2017-லும், மன்னிப்புக் கேட்டதைத் தவற்றுக்கான ஒப்புதலாக நீதிமன்றத்தில் கொள்ளலாகாது என்று தனிச் சட்டமே இயற்றின.

நமது தேசத்தில் நஷ்டஈட்டுக்கும் அபராதத்துக்கும் விதிகள் இல்லாமல் இல்லை. ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துபோனால், ஐந்து நாட்களுக்குள் திருப்பித் தரவேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் சேர்த்துத் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019-இல் விதித்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், நியாயமான காரணமின்றித் தகவலைத் தாமதிக்கும் அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் அபராதம் உண்டு. ரூபாயைப் பற்றி இவ்வளவு நுட்பமாகச் சிந்தித்தவர்கள், அலைக்கழிக்கப்பட்டவரின் கௌரவத்தைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டத்தில், பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னர் வடம் பிடித்த சம்பிரதாயத்தைப் பின்பற்றி, இன்றும் துணைநிலை ஆளுநர் ஜனங்களோடு நின்று தேரிழுப்பதை நாம் காண்கிறோம். அதிகாரத்தின் சிகரத்தில் இருப்பவருக்கு அதனால் மதிப்புக் குறைவு நேர்ந்ததாக எவரும் கருதியதில்லை. பிழைக்கு வருத்தம் தெரிவிப்பதாலும் அலுவலகத்தாருக்கு மதிப்புக் குறைந்துவிடாது.

ஆகையால், அலுவலகத்தின் பிழையென்று அதன் பதிவேட்டிலிருந்தே தெரியும் விஷயங்களில் பிரமாணப் பத்திரமும் கட்டணமும் கேட்காமல் ஒரு வாரத்துக்குள் திருத்தித் தரவேண்டும், திருத்தத்தோடு பொறுப்பதிகாரி பெயரிட்டுக் கையொப்பமிட்ட வருத்தக் கடிதமும் தரவேண்டும், அக்கடிதத்தை ஆதாரமாகக் கொண்டு எந்தச் சிப்பந்தியையும் தண்டிக்கலாகாது என்று புதுவை அரசு தன் அலுவலகங்கள் அனைத்துக்கும், கொம்யூன் பஞ்சாயத்துகள் உட்பட, உடனே ஆணை பிறப்பிக்க வேண்டும். வங்கிகளும் தம் கிளைகளுக்கு இவ்வாறே உத்தரவிட வேண்டும். எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் வரும் கூட்டத்தொடரிலேயே இதனைப் பேரவையில் எழுப்புவார் என்று எதிர்பார்க்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
வில்லியனூர்.