வஞ்சிரத்துக்கு இ-பாஸ் உண்டா?

மே மாதம். மலர்க் கண்காட்சியைச் சுற்றிவிட்டு, கால் வலிக்க ஊட்டி ஓட்டலில் உட்காருகிறீர்கள். கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். நீங்கள் கேட்பது? வஞ்சிரம் ஃப்ரை!

அதே நேரம் கீழே, நம் கிழக்குக் கடற்கரையில், மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மீன்கள் முட்டையிட்டுப் பெருகட்டும் என்று விசைப்படகுகளை நிறுத்திவைக்கிறார்கள். முன்பு 45 நாள். 2017-லிருந்து 61 நாள். மீனவர் நிவாரணப் பணத்தில் குடும்பம் நடத்துகிறார். நம் நாக்குக்கு மட்டும் ஒருநாள் லீவு கிடையாது.

"இது கேரளா மீன் சார்" என்பார் சர்வர். இருக்கலாம். மேற்குக் கரையில் தடை ஜூனில்தான் தொடங்கும். நாட்டுப்படகுகளுக்கும் தடையில்லை. சட்டப்படி தப்பில்லை. ஆனால் செங்கடலிலிருந்து ஆஸ்திரேலியா வரை திரிகிற வஞ்சிரத்துக்கு மாநில எல்லை தெரியுமா?

இரண்டு மீட்டருக்கு மேலும் வளரக்கூடிய மீன் அது. சுமார் 70 சென்டிமீட்டர் வளர்ந்தால்தான் முட்டையிடும் பருவம். அதற்கு முன்பே பிடித்து, துண்டு போட்டு, மசாலா தடவிவிட்டால் வயதை யார் கண்டார்கள்?

மலை தாங்காது என்று 2024-ல் ஊட்டி வரும் வண்டிகளுக்கு ஐகோர்ட் இ-பாஸ் கேட்டது. முணுமுணுத்தாலும் வாங்கினோம். கடலுக்கும் தாங்கும் அளவு உண்டு. அதற்குக் கோர்ட் எதற்கு? மே மாதம் வஞ்சிரத்தை விடுங்கள். ஊட்டி கேரட்டும் உருளைக்கிழங்கும் இருக்கவே இருக்கின்றன. மற்ற மாதங்களில், "சின்ன வஞ்சிரம்னா வேண்டாம்பா" என்று சொல்லிப் பாருங்கள். சட்டத்துக்குப் பயப்படாத ஓட்டல்காரரும் கஸ்டமருக்குப் பயப்படுவார்.