திமிலில்லாத மாடு

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்குகையில் நம் பங்குகளில் குடில் சுரூபங்களின் பெட்டி திறக்கப்படும். இடையரின் கை ஒடிந்திருந்தால், "புது செட் வாங்கிவிடலாம்" என்ற முடிவு உடனே பிறக்கும். அச்சில் வார்த்த அதே அயல்நாட்டு முகங்கள் மீண்டும் வந்து சேரும். இப்பழக்கத்தை நாம் கண்டிக்கிறோம்.

அச்சு மாட்டைப் பாருங்கள். அதற்குத் திமில் இல்லை. காங்கேயம் காளை பிறந்த மண்ணில், சிவப்பாய்ப் பிறந்து ஆறு மாதமளவில் சாம்பல் நிறம் கொள்ளும் கன்றை அறிந்த மக்களுக்கு, இந்த மாடு யாருடையது? 1223-இல் கிரேச்சோ சிற்றூரில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் வைக்கோலும் உயிருள்ள மாடும் கழுதையும் கொண்டே குடில் அமைத்தார். அதே ஊரில் 2019 டிசம்பர் 1 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் கையொப்பமிட்ட மடல், கொல்லரும் ரொட்டி சுடுவோரும் நீர்க்குடம் சுமக்கும் பெண்டிரும் குடிலில் இடம்பெறுவதைப் போற்றுகிறது. அவ்வாறெனில், விசைத்தறி நெசவாளரும் பனியன் கம்பெனிப் பெண்ணும் நம் குடிலில் ஏன் இல்லை?

"செய்வது யார்? சூளை எங்கே?" என்பர். சூளை வேண்டியதில்லை. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் எம்-சீல் போன்ற எபாக்சி மக்கு போதும். கம்பியை வளைத்து உள்ளுடல் அமைத்து, இரு பகுதிகளையும் சம அளவில் ஒரே நிறமாகும் வரை பிசைந்து, நீர் தொட்ட கருவியால் உருக்கொடுக்கலாம். விரைவில் இறுகுமாதலால் சிறிது சிறிதாகவே பிசைய வேண்டும். அது சுடாமலே கல்லாகும்; களிமண்போல் காய்ந்து சுருங்காது. ஒடிந்த கையையும் இதுவே ஒட்டும்.

"குழாய் ஒழுக்கை அடைக்கும் பொருளிலா பாலன் இயேசு?" என முகம் சுளிப்போர் உண்டு. தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்டவருக்கு இது இழுக்கன்று.

மெய்யான மறுப்பு வேறொன்று. களிமண்ணை நீரில் மீண்டும் குழைக்கலாம். இறுகிய எபாக்சியைக் குழைக்க இயலாது. இறுகாத மக்கு தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். தேய்க்கும்போது எழும் தூசு மூச்சுக்குக் கேடு. ஆகவே கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். சிறுவர் கையில் களிமண்ணே இருக்கட்டும். குயவர் வாழும் ஊரில் அவரிடமே சுரூபம் கேட்போம். அவர் பிழைப்பைப் பறிப்பது நம் நோக்கமன்று.

வார்த்தை மனுவுருவானார் என்று அறிக்கையிடும் நாம், அவர் நம்மிடையே குடிகொண்டார் என்பதையும் சேர்த்தே அறிக்கையிடுகிறோம். நம்மிடையே என்றால் கொங்கு மண்ணிலும்தான். அதை விலை கொடுத்து வாங்கிய பொம்மைகள் சொல்லமாட்டா. நம் விரல்கள்தாம் சொல்ல வேண்டும்.