புழுங்கல் அரிசியும் பிளாஸ்டிக் போத்தலும்

ஜாசின் பக்கத்துத் தாமான் ஒன்றில் என் சித்தி இருக்கிறார். அவர் வீட்டுச் சாமி படத்துக்குக் கீழே நான்கு போத்தல்கள் வரிசையாக நிற்கும். தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில் அந்த இடத்தில் விபூதித் தட்டும் ஒரு தைலக் குப்பியும்தான் இருந்தன. இப்போது ஒன்று உடம்புக்கு, ஒன்று மூட்டுக்கு, ஒன்று நரம்புக்கு, ஒன்று இனிப்பு நீருக்கு. நான்கையும் கொண்டுவந்து கொடுத்தவர், சித்தியோடு சேர்ந்து பால்மரம் வெட்டிய ஒருவரின் மகள். நேரடி விற்பனையில் இருக்கிறார். “நம்ம புள்ள, பொய் சொல்லுமா?” என்கிறார் சித்தி. சொல்லாது. தனக்குத் தெரியாததைச் சொல்லும்.

மலாக்காவில் தோட்டம் விட்டுத் தாமானுக்கு வந்த குடும்பங்களில் இந்த அலமாரி இல்லாத வீடு குறைவு. மெர்லிமாவ், அலோர் காஜா, மஸ்ஜித் தானா என்று எங்கு போனாலும் பேச்சு ஒன்றுதான்: “உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க, அதுக்கு ஒரு மாத்திரை இருக்கு.” தெம்பு வேண்டும், எடை குறைய வேண்டும், முடி வளர வேண்டும், சர்க்கரை இறங்க வேண்டும். வேண்டுவதிலிருந்து தொடங்குவதுதான் கோளாறு. ஊட்டச்சத்து மாத்திரை நம் ஆசைக்கு வேலை செய்வதில்லை. உடம்பில் ஒன்று குறைந்திருந்தால் அந்தக் குறைக்கு வேலை செய்யும்.

வைட்டமின் என்ற சொல் பிறக்கும் முன்பே இந்தப் பாடம் நம் மண்ணில், நம் சோற்றில் கிடைத்தது. 1896-இல் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். அடுத்தடுத்து எழுந்த தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்த தமிழர்கள் புழுங்கல் அரிசிச் சோற்றையே கேட்டார்கள். அதே காலத்தில் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கானோரை முடக்கிக்கொண்டிருந்தது. கால் மரத்து, வீங்கி, இதயம் நின்றுபோகும். தீட்டிய வெள்ளை அரிசி உண்ட சீனத் தொழிலாளர்களிடம் அது பரவியது, தமிழர்களிடம் அரிதாகவே கண்டது. பக்கத்து மாநிலத்தில், சிரம்பானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் இந்த வேறுபாட்டைக் கவனித்து, காரணம் அரிசிதான் என்று வாதாடினார். கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் மருத்துவர் ஃபிளெட்சர் 1905 டிசம்பரில் ஒரு சோதனை தொடங்கினார். ஒரு பகுதியினருக்கு வெள்ளை அரிசி, மறு பகுதியினருக்குப் புழுங்கல் அரிசி. ஓராண்டில் வெள்ளை அரிசிக்காரர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். மறுபக்கத்தில் அந்த நோயால் ஒரு சாவும் இல்லை.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின், அதாவது பி1, அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் கொஞ்சம் தங்கும். இதைத் தெரிந்து நம் பாட்டிமார் அவித்தார்கள் என்று பெருமை பேச வேண்டாம். அப்படி அவித்தே பழக்கம், அவ்வளவுதான். எனக்கு முக்கியம் வேறு. பெரிபெரி வந்தவருக்குத் தவிடு உயிர் கொடுத்தது. தயமின் குறையாத ஒருவருக்கு அதே தவிட்டைக் கூடை கூடையாகக் கொடுத்தாலும் கூடுதல் உயிர் வந்திருக்காது.

இன்று நம் வீடுகளில் குறை எங்கே இருக்கிறது? 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு; இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. அவர்களில் மருந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் கிளினிக்கில் வாங்கி விழுங்குவது மெட்ஃபார்மின். நல்ல மருந்து, நிறுத்தக்கூடாத மருந்து. ஆனால் ஆண்டுக்கணக்கில் எடுக்கும்போது அது குடல் பி12-ஐ உறிஞ்சுவதைக் குறைக்கும். பி12 குறைந்தால் பாதம் மதமதக்கும், எரியும். கட்டுப்படாத சர்க்கரையும் பாதத்தை அப்படியேதான் மரக்கச் செய்யும். எது காரணம் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது, இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். இறைச்சி, மீன், முட்டை, பால் எதையும் தொடாதவர்களுக்கு இந்தச் சோதனை இன்னும் அவசியம், செடி கொடிகளில் பி12 இல்லை.

சோதிக்காமல் “நரம்புக்கு” என்று போத்தல் வாங்குகிறோம். அதில் பி12 மட்டுமா இருக்கிறது? பெரும்பாலும் பி1, பி6, பி12 மூன்றும் சேர்ந்திருக்கும். பி6-ஐ அதிக அளவில் நெடுநாள் எடுத்தால் அதுவே நரம்பைக் கெடுத்துக் காலை மரக்கச் செய்யும். மதமதப்புக்கு வாங்கிய மாத்திரை மதமதப்பைக் கொடுக்கிறது. அது நீடிக்கிறதே என்று இன்னும் ஒன்று கூடுதலாகப் போடுகிறோம்.

இரும்புச் சத்து மாத்திரையும் இப்படித்தான். சோகை எல்லாமே இரும்புக் குறையால் வருவதில்லை. தலசீமியா மரபுக்கூறு இருப்பவருக்கும் இரத்தம் குறைவாகக் காட்டும்; இரும்பு குறையாதபோது அவருக்கு அந்த மாத்திரை வேண்டாத சுமை. உண்மையிலேயே இரும்பு குறைந்தவரோ மாத்திரையைத் தே-ஓவோடு விழுங்கிவிட்டு, பயனே இல்லை என்கிறார். தேநீரிலுள்ள துவர்ப்பு இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். எங்கள் தோட்டத்து டிரஸ்ஸர் படித்தது கொஞ்சம்தான், அவரும் கண்ணிமையை இழுத்துப் பார்க்காமல் சிவப்பு மாத்திரை கொடுத்ததில்லை.

யோசிக்காமல் எடுக்கலாம் என்று நான் சொல்லக்கூடியது ஒன்றுண்டு. பிள்ளை பெற நினைக்கும் பெண் நாளுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுப்பது. கருவின் முதுகுத்தண்டுக் குழாய் முதல் நான்கு வாரத்தில் மூடிவிடும், பலருக்குக் கரு நின்றதே அப்போது தெரியாது. அதனால் முன்கூட்டியே தொடங்க வேண்டும். மலிவான மாத்திரை. அதனால்தானோ என்னவோ, அதை விற்க யாரும் வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை.

போத்தலைத் திருப்பிப் பார்க்கும் பழக்கமும் நமக்கில்லை. மலேசியாவில் பதிவு பெற்ற மருந்துப் பொருளில் ‘எம்ஏஎல்’ என்று தொடங்கும் எண் இருக்கும். எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தைப் பாருங்கள். ‘என்’ என்றால் ஊட்டச்சத்துத் துணைப்பொருள், ‘டி’ என்றால் பாரம்பரிய மருந்து. பதிவு இருப்பதால் நோயைக் குணமாக்கும் என்று பொருளல்ல. ஒழுங்குமுறை முகமை முதன்மையாகப் பார்ப்பது தரத்தையும் பாதுகாப்பையும். எண்ணே இல்லாத கோப்பி, சாறு, பொடி எல்லாம் உணவு என்ற பெயரில் கடைக்கு வருகின்றன. எடை குறைக்கும் பொருள்களில் சிபுட்ராமினும், மூட்டுவலி ஜமுவில் ஸ்டீராய்டும் கலந்திருந்ததாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. “ரெண்டே நாள்ல வலி போயிடுச்சு” என்ற புகழ்ச்சியைக் கேட்டால் எனக்குப் பயம் வருவது இதனால்தான்.

இனிப்பு நீர், சிறுநீரகம், இதயம், புற்றுநோய், இரத்த அழுத்தம் உள்ளிட்ட 20 நோய்களைக் குணமாக்கும் என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதை 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது. அந்தச் சட்டம் பத்திரிகையையும் பதாகையையும் பிடிக்கும். கோயில் திருவிழாப் பந்தலில், கருமாதி வீட்டுத் திண்ணையில், உறவுக்காரர் வாட்சப் குழுவில் நடக்கும் பேச்சை எது பிடிக்கும்? நம்மிடையே விற்பனை நடப்பதே அங்கேதான். அக்கா, மாமா என்ற உறவு முறையில் விலை கேட்கக் கூச்சம், பொருள் கேட்க இன்னும் கூச்சம். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு நுணாச் சாற்றிலுள்ள பொட்டாசியம் ஆகாது என்று சாறு கொண்டுவந்த மாமாவிடம் யார் சொல்வது?

அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிக்குச் சீட்டு எடுக்கலாம். காத்திருப்பது பெரும்பாடு, ஒப்புக்கொள்கிறேன். போன மாதம் சித்தி நான்கு போத்தலையும் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். மருந்தாளர் பிள்ளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்துவிட்டு, மூன்றை ஒரு பக்கம் தள்ளிவைத்தது.

“பாட்டி, இந்த மூணுலயும் பி6 இருக்கு.”

சித்திக்குக் கோபம் வந்தது. மாத்திரை மேல் அல்ல. “மூணுக்கும் தனித்தனியா காசு வாங்குச்சே!”